சாவி உங்களிடம், கையெழுத்து யாரிடம்?

கேள்வி: எனக்கு வயது 43. பரந்தன்–முல்லைத்தீவு வீதிக்கு உள்ளே ஒரு சின்னச் சபை எங்களுடையது. போதகருக்கு நாலு சபை, அதனால் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். மற்ற நாட்களில் கோயில் திறப்பது, ஜெபம் நடத்துவது, ஓய்வுநாட் பாடசாலை, வருத்தக்காரரைப் போய்ப் பார்ப்பது எல்லாம் நான்தான். காணிக்கையை எண்ணி ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்து, போதகர் வந்ததும் கொடுப்பேன். போர் முடிந்ததும் எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலும் நாங்கள் பெண்கள்தான் ஜெபக்கூட்டம் நடத்தினோம். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது போதகர் என்னைச் சபைக் குழுவின் செயலாளராக வரச் சொல்கிறார். தான் வராத ஞாயிறுகளில் பிரசங்கமும் செய்யச் சொல்கிறார். சித்தப்பா முறையான ஒரு மூப்பர், "பெண் உபதேசம் பண்ணக்கூடாது என்று பவுலே எழுதியிருக்கிறார்" என்று சொல்லிக் கூட்டத்திலிருந்து எழுந்து போய்விட்டார். என் கணவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு திரும்பி வரவில்லை. "புருஷன் இல்லாதவள் பீடத்தில் ஏறினால் சபைக்கு நல்லதா?" என்று மாதர் சங்கத்திலேயே கதைக்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வாய் என்று ஒரு அக்கா நேரே கேட்டா. மடு மாதா கோயிலுக்குப் போகும் என் கத்தோலிக்கச் சிநேகிதி, எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, கேட்கவே ஏலாதே என்று சிரிக்கிறாள். நான் ஏற்கலாமா? பாவமா? பயமாகவும் இருக்கிறது.
(பெயர் வேண்டாம், கிளிநொச்சி மாவட்டம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பாவம் இல்லை, ஏற்கலாம். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். எந்த நிபந்தனையோடு ஏற்பது என்பதை நீங்கள் கேட்கவில்லை. பொதுநிலைப் பிரசங்கிகளைப் பயிற்றுவிக்கும் வேலையில் இருப்பவள் என்பதால், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

உங்கள் கடிதத்தின் நீண்ட பகுதிகளை இங்கே வெட்டியிருக்கிறேன். ஊரின் பெயரையும் சபையின் பெயரையும் எடுத்துவிட்டேன். பெண்களுக்குக் குருத்துவம் கொடுக்கும் திருச்சபை உங்களுடையது என்பது மட்டும் வாசகர்களுக்குப் போதும். வெட்டிய பகுதியில் ஒரு தகவல் இருந்தது. சபையின் வங்கிப் புத்தகத்துக்குக் கையெழுத்து வைப்பவர்கள் இரண்டு ஆண்கள், அவர்களில் ஒருவர் இப்போது வவுனியாவில் குடியிருக்கிறார். அதாவது கோயில் சாவியும் காணிக்கை டின்னும் விளக்குமாறும் உங்களிடம். வாக்கும் கையெழுத்தும் வேறு ஆட்களிடம். உங்கள் உழைப்பில் சித்தப்பாவுக்கு எந்த ஆட்சேபமும் இருந்ததில்லை. இத்தனை வருடம் நீங்கள் ஜெபம் நடத்தியபோது அவரும் கண்ணை மூடி ஆமென் சொல்லித்தான் இருந்திருப்பார். முன் வாங்குக்குப் பக்கத்தில் நின்று பேசினால் சரி, நாலு அடி தள்ளிப் பிரசங்க பீடத்தில் நின்று பேசினால் பிழை என்றால், அது பவுலின் இறையியலா, தளபாட இறையியலா என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, வசனத்துக்கு வருவோம். அவர் மனதில் இருப்பது 1 தீமோத்தேயு 2:12 ஆகத்தான் இருக்கும். உபதேசம் பண்ணவும் புருஷன்மேல் அதிகாரம் செலுத்தவும் பெண்ணுக்கு உத்தரவு கொடுப்பதில்லை என்கிற வசனம். அப்படி ஒன்று இல்லை என்று மழுப்ப வேண்டாம், இருக்கிறது. அதை நேர்மையாக வாசித்தே பெண்கள் போதகராகக் கூடாது என்று முடிவு செய்த சபைகளும் அறிஞர்களும் உண்டு. அவர்கள் எல்லாரும் பெண்களை வெறுப்பவர்கள் அல்ல.

நான் அப்படி வாசிக்காததற்கு முதல் காரணம், அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த ஊர். தீமோத்தேயு அப்போது எபேசுவில் இருந்தார். அங்கே சிலர் மாறுபாடான உபதேசங்களைப் பரப்பினார்கள், அவர்களை நிறுத்தத்தான் பவுல் அவரை அங்கே விட்டிருந்தார். முதலாம் அதிகாரத்திலேயே இது இருக்கிறது. இனி அப்போஸ்தலர் 18 ஐ எடுத்துப் பாருங்கள். அதே எபேசுவில், வேதத்தில் வல்லவர் என்று பெயரெடுத்த அப்பொல்லோவைக் கூட்டிக்கொண்டு போய், தேவனுடைய வழியை அவருக்கு இன்னும் திட்டமாக விளங்கப்படுத்தியவர்கள் ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும். கூடாரம் செய்து பிழைத்த குடும்பம் அது. இதற்காக அவளை யாரும் கண்டித்ததாக வேதத்தில் இல்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில் பவுல் அந்தத் தம்பதிக்கு வாழ்த்துச் சொல்கிறார், மனைவியின் பெயரை முதலில் போட்டு.

இரண்டாவது காரணம் அதே அதிகாரத்தில், மூன்று வசனம் முன்னால். தலைமயிரைப் பின்னுவதும் பொன்னும் முத்தும் விலையுயர்ந்த உடையும் வேண்டாம் என்கிறது ஒன்பதாம் வசனம். எங்கள் கலியாணங்களில் தாலிக்கொடி எத்தனை பவுண் என்ற பேச்சு கடைசி வாங்கு வரைக்கும் கேட்கும், ஒரு மூப்பரும் எழுந்து போனதை நான் காணவில்லை. ஒன்பதாம் வசனம் அந்தக் காலத்துக்கு, பன்னிரண்டாம் வசனம் எல்லாக் காலத்துக்கும் என்றால், ஏன் என்று விளக்க வேண்டும். ஆதாமையும் ஏவாளையும் காட்டும் அடுத்த வசனங்களைப் பிடித்து விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு உட்கார்ந்து கதைக்கலாம். எழுந்து போவது விளக்கம் ஆகாது.

கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தையும் யாராவது உங்களிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். 14 ஆம் அதிகாரத்தில் பேசாமலிருக்கச் சொல்லப்படுவது பெண்கள் மட்டும் அல்ல. அர்த்தம் சொல்ல ஆளில்லாமல் அந்நியபாஷை பேசுகிறவரும், அடுத்தவருக்கு வெளிப்பாடு வந்த பிறகும் விடாமல் பேசுகிற தீர்க்கதரிசியும் அதே அதிகாரத்தில் பேச்சை நிறுத்தச் சொல்லப்படுகிறார்கள். ஆளுக்காள் ஒரே நேரத்தில் பேசும் ஒரு கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறார் பவுல். மூன்று அதிகாரம் முன்னால், 11:5 இல், ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார். வாயே திறக்கக் கூடாதவளுக்கு முக்காட்டைப் பற்றி எதற்கு ஒரு விதி?

இவ்வளவும் எழுதியது உங்கள் பயம் தெளிவதற்கு. சித்தப்பாவோடு வசனத்துக்கு வசனம் மோதுவதற்கு அல்ல. மோதினால் அவர் தோற்க மாட்டார், நீங்களும் வெல்ல மாட்டீர்கள், ஊர் மட்டும் இரண்டாகும். உங்கள் திருச்சபை ஏற்கெனவே முடிவெடுத்த விஷயம் இது. யாழ்ப்பாண ஆதீனத்தையும் தன்னுள் கொண்ட தென்னிந்தியத் திருச்சபை 1970களிலேயே பெண்களுக்குக் குருத்துவத்தைத் திறந்தது. 2013 இல் ஆந்திராவின் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயரானார். அங்கிலிக்கன் மரபில் வரும் இலங்கைத் திருச்சபை 2006 இல் முதன்முதலாகப் பெண்களைக் குருவாக்கியது. அதே மரபின் தலைமைப் பீடமான கன்ரபரிக்கு 2025 ஒக்டோபரில் சாரா முலாலி என்ற பெண் பெயர் குறிக்கப்பட்டார். இரட்சணிய சேனை 1883 இல் இலங்கைக்கு வந்தபோதே அந்த அமைப்பில் பெண்கள் ஆண்களுக்குச் சமமான பதவியில் பிரசங்கித்தார்கள். உங்களைக் கேட்டிருப்பதோ குருத்துவம்கூட அல்ல, மாதத்தில் இரண்டு பிரசங்கமும் ஒரு செயலாளர் வேலையும்.

மெனிக் பாமில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? அந்த வரியில்தான் நான் கூடுதல் நேரம் நின்றேன்.

அங்கிலிக்கன் உலகின் முதல் பெண் குரு புளோரன்ஸ் லீ டிம்-ஒய் என்ற சீனப் பெண். இரண்டாம் உலகப் போரில் ஹொங்கொங் யப்பானியர் கையில் இருந்தது, குருமாரால் பக்கத்திலிருந்த போர்த்துக்கேயக் குடியேற்றமான மக்காவோவுக்குப் போய்வர முடியவில்லை. அகதிகளால் நிரம்பியிருந்த மக்காவோவில் திருவிருந்து கொடுக்க ஒரு குருவும் இல்லை. அங்கே உதவிக்குருவாகச் சபையைப் பராமரித்துக்கொண்டிருந்த லீயை 1944 ஜனவரி 25 ஆம் திகதி ஆயர் ரொனால்ட் ஹோல் குருவாக அபிஷேகம் செய்தார். போர் முடிந்தது, எதிர்ப்புக் கிளம்பியது. ஆயருக்குத் தன்னால் சங்கடம் வரக்கூடாது என்று 1946 இல் லீ குருவாகப் பணியாற்றும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். குருத்துவத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் ஒரு குருவாக மறுபடி வெளிப்படையாகப் பணி செய்ய அவர் பல பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

வன்னியில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். இடம்பெயர்ந்து ஓடிய காலத்திலும் முகாமிலும் தறப்பாளுக்குக் கீழே வேதம் வாசித்தது யார், செத்தவர்களுக்காக ஜெபித்தது யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. மெனிக் பாம் 2012 இல் மூடப்பட்டது. மீள்குடியேற்றத்தோடு தகரக் கொட்டகைகள் போய்ச் சீமெந்துக் கோயில்கள் வந்தன. கூடவே குழு, தலைவர், பொருளாளர், திறப்பு விழாக் கல்வெட்டு. உங்கள் கோயில் வாசலிலும் ஒரு கல்வெட்டு இருக்கும், அதில் எத்தனை பெண்களின் பெயர் என்று பாருங்கள். கட்டடம் வந்தால் கதிரை வரும், கதிரை வந்தால் அதில் உட்கார ஆண்கள் வருவார்கள். அவசரத்துக்குக் கொடுத்த பொறுப்பை யாரும் எழுதி வைக்காதபடியால், அவசரம் முடிந்ததும் அது சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டது.

அதனால்தான் என் முதல் நிபந்தனை கடிதம். போதகர் வாயால் சொன்னது போதாது. சபைக் குழு கூடி, உங்கள் பெயரை முன்மொழிந்து, வழிமொழிந்து, கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுத வேண்டும். பிரசங்கப் பொறுப்புக்குத் தனியாக ஒரு நியமனக் கடிதம் வேண்டும், எந்தத் திகதியிலிருந்து, எத்தனை வருடத்துக்கு, எந்த ஞாயிறுகளில் என்று. நாளைக்கு இந்தப் போதகர் மாற்றலாகிப் போய் வேறொருவர் வந்தால், "அவர் கேட்டார், நான் செய்தேன்" என்பது ஒரு நாளும் நிற்காது, கடிதம் நிற்கும்.

அடுத்தது பணம். வங்கிக் கணக்கில் கையெழுத்து வைப்பவர்களைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். வவுனியாவில் இருப்பவருக்குப் பதிலாகப் புதிய செயலாளர் வரட்டும். அந்தப் பால்மா டின்னை இந்த ஞாயிறோடு நிறுத்துங்கள், உங்கள் நேர்மை எனக்குத் தெரியாது என்பதால் சொல்லவில்லை. ஒரு பெண்ணைப் பதவியிலிருந்து இறக்க நினைக்கிறவர்கள் வேதத்தால் முடியாவிட்டால் கணக்கைத்தான் எடுப்பார்கள். ஆராதனை முடிந்த கையோடு, ஆட்கள் பார்க்கும் இடத்தில், இரண்டு பேர் எண்ணி, கொப்பியில் தொகையை எழுதி, இரண்டு பேரும் கையொப்பம் வைக்க வேண்டும். கிராம அபிவிருத்தி மாதர் சங்கத்தில் நீங்கள் பொருளாளராக இருந்தவர், இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுவார்கள். புதிய பொறுப்பு வரும்போது பழையது ஒன்று போக வேண்டும். பிரசங்கம், செயலாளர் வேலை, ஓய்வுநாட் பாடசாலை, கூட்டிப் பெருக்குவது, தேநீர் வைப்பது எல்லாம் ஒரே ஆள் செய்தால் ஆறு மாதத்தில் படுத்துவிடுவீர்கள், பிறகு "பார்த்தீர்களா, பெண்களால் ஏலாது" என்பார்கள். சாவியையும் விளக்குமாறையும் வாலிபர் சங்கத்திடம் கொடுங்கள். தேநீரை ஒரு பெடியன் வைத்தால் சீனி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இனி அந்தக் கதை, "புருஷன் இல்லாதவள்". உங்களிடம் ஒரு சொல் கேட்காமல் உங்கள் கணவருக்கு மரணச் சான்றிதழ் எழுதுகிறார்கள் அப்படிச் சொல்பவர்கள். மரணச் சான்றிதழ் வாங்க மனமில்லாத குடும்பங்களுக்காக, காணாமல் போனவர் என்றே சான்றிதழ் கொடுக்க 2016 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அரசாங்கமே விட்டுவைத்த இடத்தில் மாதர் சங்கம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கணவனின் சம்மதம் எங்கே என்று யாராவது கேட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் வாசலில், காணாமல் போனவர்கள் எங்கே என்று கேட்டுப் பந்தல் போட்டு உட்கார்ந்த தாய்மாரிடமும் மனைவிமாரிடமும் யாருடைய சம்மதத்தில் பேசுகிறீர்கள் என்று ஊர் கேட்கவில்லை. அவர்கள் பேசியது ஊருக்காகவும்தான்.

ஒரு பேச்சுக்கு விதவை என்றே வைத்துக்கொண்டாலும் வேதத்தில் தடை எங்கே? லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் அன்னாள் வருகிறாள். ஏழு வருடம் கணவனோடு வாழ்ந்து, பிறகு முதுமை வரைக்கும் விதவையாகத் தேவாலயத்திலேயே இருந்த தீர்க்கதரிசி. எருசலேமில் மீட்புக்காகக் காத்திருந்த எல்லாருக்கும் குழந்தை இயேசுவைப் பற்றிப் பேசினவள் அவள். கைம்பெண் எதிரே வந்தால் பயணம் சரிவராது என்கிற சகுனம் வேதத்திலிருந்து வந்ததல்ல. நாங்கள் ஞானஸ்நானம் எடுத்தபோது அது பின்கதவால் உள்ளே வந்துவிட்டது. இதைச் சொல்கிறவர்கள் மேல் கோபப்படாதீர்கள். அவர்களில் எத்தனை பேர் கலியாண வீட்டில் மணவறைக்குக் கிட்டப் போகாமல் ஒதுங்கி நிற்பவர்கள் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் பீடத்தில் ஏறினால், தாங்கள் இவ்வளவு காலமும் ஒதுங்கி நின்றது எதற்கு என்ற கேள்வி அவர்களுக்கு வரும், அது வலிக்கிற கேள்வி. மாதர் சங்கத்தில் இரண்டு பேரைத் தனியாகப் போய்ப் பாருங்கள். வாதாட அல்ல, முதல் ஞாயிறு வேதபாடம் வாசிக்கக் கேட்பதற்கு.

மாதவிலக்கு: உங்கள் திருச்சபையில் அப்படி ஒரு விதி கிடையாது. லேவியராகமத்தின் தீட்டுச் சட்டங்களை எடுத்தால் அதில் ஆண்களுக்கும் தீட்டு இருக்கிறது, அதை எந்தப் போதகரிடமும் யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கோடு இருந்த பெண் கூட்டத்துக்குள் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டபோது, அவர் விலகவில்லை, மகளே என்று கூப்பிட்டார். அந்த அக்காவுக்கு மாற்கு ஐந்தாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். அதற்கு மேல் அந்தக் கேள்விக்கு யாருக்கும் பதில் சொல்லாதீர்கள், உங்கள் நாட்காட்டி சபைக் குழுவின் விஷயம் அல்ல.

உங்கள் கத்தோலிக்கச் சிநேகிதி சொல்வது பாதி சரி. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி குருத்துவம் ஆண்களுக்கு மட்டும், இரண்டாம் யோவான் பவுல் 1994 இல் அதை மறுபடி உறுதிப்படுத்தினார். ஆனால் 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தை மாற்றி, வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளில் பெண்களையும் முறைப்படி ஏற்படுத்த வழி செய்தார். மறைக்கல்வி ஆசிரியப் பணியையும் அதே வருடம் ஒரு முறையான திருப்பணியாக்கினார். அவளும் கேட்கலாம், கேட்க நிறைய இருக்கிறது.

சித்தப்பாவிடம் கூட்டத்துக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போங்கள், சித்திக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். சம்மதம் கேட்கப் போகாதீர்கள், அறிவிக்கப் போங்கள். "சித்தப்பா, குழு என்னை நியமிக்கப் போகிறது. உங்களுக்கு உடன்பாடில்லை என்று தெரியும். அன்றைக்கு ஆரம்ப ஜெபம் நீங்கள் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்." அவர் மறுத்தால் மறுக்கட்டும். பிரசங்க நேரத்தில் அவர் வெளியே வேப்பமரத்துக்குக் கீழே போய் நின்றாலும் பிரசங்கத்தை நிறுத்தாதீர்கள், பீடத்திலிருந்து அவரைக் குத்தியும் பேசாதீர்கள். அவர் எதிர்ப்பதை அறிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொன்னால் அதையும் செயலாளராக நீங்களே எழுதுங்கள், அவர் சொன்ன சொல்லிலேயே.

பயத்தைப் பற்றி: பயம் அழைப்பு இல்லை என்பதற்கு அடையாளம் அல்ல. முதல் பிரசங்கத்துக்குப் பெண்களின் உரிமையை எடுக்காதீர்கள். அது உங்கள் வழக்கை நீங்களே வாதாடுவது போல ஆகிவிடும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சங்கீதத்தை எடுங்கள், பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள், முழுவதையும் எழுதி இரண்டு தரம் சத்தமாக வாசித்துப் பாருங்கள். சபையில் யாருடைய வயல் இந்தச் சிறுபோகத்தில் தண்ணீரில்லாமல் போனது, யார் கடன்காரருக்குப் பயந்து படலையைச் சாத்தி வைத்திருக்கிறார்கள் என்பது மாதம் இரண்டு தரம் வரும் போதகரைவிட உங்களுக்குத் தெரியும். அதை வைத்துப் பேசுங்கள், பெயர் சொல்லாமல். பிறகு விருப்பம் வந்தால் முறையாகப் படிக்கலாம். பிலிமத்தலாவையில் உள்ள இலங்கை இறையியல் கல்லூரி 1963 இலிருந்து இயங்குகிறது, தமிழிலும் படிக்கலாம். அதற்கு உங்களை அனுப்புவது யார், செலவு யாருடையது என்பதையும் சபைக் குழுவிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

குழு அடுத்த மாதம் கூடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குள் கடிதம் வராமல், பிரசங்க அட்டவணையில் மட்டும் உங்கள் பெயர் வரவும் கூடும். அப்படி வந்தால் அந்த ஞாயிறு போய்ப் பிரசங்கித்துவிட்டு, திங்கட்கிழமை போதகருக்குத் தொலைபேசி எடுத்துக் கடிதத்தைக் கேளுங்கள்.